டிரை ஃபயர் செய்தால் ஹெட்ஸ்பேஸ் மாறுமா? அளந்து பார்ப்பதற்கான முழு வழிகாட்டி

டிரை ஃபயர் என்றால் உயிருள்ள தோட்டா இல்லாமல் ட்ரிகரை அமுக்கிப் பயிற்சி செய்வது. காலி சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) ட்ரிகரை ஆயிரம் தடவை அமுக்கினாலும் எந்தத் தோட்டாவின் அளவும் மாறாது. உள்ளே தோட்டாவே இல்லையே! மாற்றம் வருவது வேறு இடத்தில். 'ஃபயரிங் பின் சும்மா காற்றில் போய் அடிக்கிறதே, பழைய கேஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வோம்' என்று அக்கறையோடு ஒரு வெற்றுக் கேஸை (சுட்ட தோட்டாவின் பித்தளை உறையை) உள்ளே வைக்கிறோம் பாருங்கள், அங்கேதான். பின்னின் ஒவ்வொரு அடியும் அந்தக் கேஸின் தோளை, அதாவது உடம்பு கழுத்தாகச் சிறுக்கும் சரிவை, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிறகு அதே கேஸைக் கழுவி, வெடிமருந்து நிரப்பி மீண்டும் சுடும்போது கேஸின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே விரிசல் கண்டால், 'துப்பாக்கி ஹெட்ஸ்பேஸ் போய்விட்டது' என்று ரைஃபிளைக் குறை சொல்வோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டா. மற்ற விளிம்பில்லாத (அடி விளிம்பு உடம்பைவிட வெளியே நீட்டாத), கழுத்துச் சிறுத்த கேஸ்களுக்கும் இதே வேலைமுறைதான். எண்கள் மட்டும் மாறும்.

முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

ஹெட்ஸ்பேஸ் என்பது துப்பாக்கியின் அளவு. சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட் பூட்டிய நிலையில் அதன் முகத்திலிருந்து, கேஸ் முன்னே போகாமல் சேம்பர் எங்கே தடுக்கிறதோ அந்த இடம் வரை உள்ள தூரம். .308-இல் அந்தத் தடுப்பு 20 டிகிரி சாய்ந்த தோள். சாய்வில் எந்தப் புள்ளி என்று கேட்டால், விட்டம் 0.400 இன்ச், அதாவது 10.16 மி.மீ. இருக்கும் இடம். அங்கே வரைக்குமான தூரம் சேம்பரில் 1.630 இன்சிலிருந்து 1.640 இன்ச் வரை இருக்கலாம்.

கேஸுக்கு 'ஹெட்ஸ்பேஸ்' கிடையாது. அதற்கு இருப்பது அடிப்பாகத்திலிருந்து தோள் வரையான நீளம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடைவெளி. பேச்சில் எல்லோரும் மூன்றையும் ஹெட்ஸ்பேஸ் என்றே சொல்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இனி இதில் 'தௌ' என்று வந்தால் ஆயிரத்தில் ஒரு இன்ச், 0.0254 மி.மீ. என்று கொள்ளுங்கள்.

ஒரு அடியில் என்ன நடக்கிறது

உண்மையான தோட்டாவில் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். ஃபயரிங் பின், கேஸின் அடிப்பாகத்தில் செருகியிருக்கும் பிரைமர் என்ற சிறு வெடிமூடியில் மோதுகிறது. பிரைமர் நசுங்குவதற்குள் கேஸ் முழுவதும் முன்னே போய், அதன் தோள் சேம்பர் தோளில் முட்டி நிற்கிறது. பிரைமர் வெடித்ததும் அது தன் குழியிலிருந்து பின்னால் நழுவி போல்ட் முகத்தில் ஒட்டுகிறது. அதன் எதிர்விசை கேஸை இன்னும் முன்னே அழுத்துகிறது. அதன் பின் மருந்து எரிந்து அழுத்தம் ஏறுகிறது. கேஸின் சுவர் சேம்பரைப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி மட்டும் நீண்டு போல்ட் முகத்துக்கு வருகிறது. வெளியே எட்டிப்பார்த்த பிரைமரும் குழிக்குள் திரும்பத் தள்ளப்படுகிறது. தோளும் சேம்பரின் வடிவத்துக்கே மீண்டும் ஊதிக்கொள்கிறது.

கடைசிக் கட்டம்தான் முக்கியம். டிரை ஃபயரில் அது நடப்பதே இல்லை. பின் அடிக்கிறது, கேஸ் முன்னே போகிறது, பித்தளைத் தோள் எஃகுத் தோளில் மோதுகிறது, அவ்வளவுதான். மோதிய அடியைச் சரிசெய்ய உள்ளிருந்து எந்த அழுத்தமும் வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு அடியின் சேதமும் அப்படியே தங்கி, அடுத்ததோடு சேர்கிறது. மருந்தில்லாமல் பிரைமர் மட்டும் வைத்துச் சுட்டாலும், மிகக் குறைந்த மருந்தில் சுட்டாலும் கேஸ் குட்டையாவது இதே காரணத்தால்தான். அப்படிச் சுட்ட கேஸில் பிரைமர் வெளியே துருத்தி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இது முடிவில்லாமல் போகுமா? போகாது. பின் போல்ட் முகத்துக்கு வெளியே நீளும் தூரம் பல ரைஃபிள்களில் 50 முதல் 65 தௌ வரைதான். கேஸ் குட்டையாக ஆக அதன் அடிப்பாகம் போல்ட் முகத்தை விட்டு விலகுகிறது. பின் அடித்து பிரைமரில் விழுந்த பள்ளமும் ஆழமாகிறது. இரண்டையும் கூட்டினால் பின்னின் நீளத்துக்குச் சமமாகும் ஒரு கட்டத்தில், பின் தன் சொந்தத் தடுப்பில் நின்றுவிடும். கேஸைத் தொட்டாலும் தள்ளாது. ஆனால் அந்தக் கட்டம் வருவதற்கு வெகு முன்பே கேஸ் சுடுவதற்கு லாயக்கில்லாமல் போயிருக்கும்.

எந்தத் துப்பாக்கியில் அதிகம் நடக்கும்? கனமான ஸ்ட்ரைக்கர் (பின்னும் அதைத் தாங்கும் தண்டும்), முறுக்கான ஸ்பிரிங் உள்ள பழைய மவுசர் வகைகளில் அடி பலம். போல்ட் முகத்தில் கேஸை வெளியே தள்ளும், ஸ்பிரிங் வைத்த எஜெக்டர் குச்சி இருந்தால், அது எப்போதும் கேஸை முன்னே அழுத்தியே வைத்திருக்கும். தோள் ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் ஓடிவந்து மோதும் வேகம் இல்லை. மவுசர் மாதிரி எக்ஸ்ட்ராக்டர் (கேஸை இழுத்தெடுக்கும் நகம்) கேஸைப் பிடித்து வைத்திருக்கும் துப்பாக்கியில் ஓட்டத்துக்கு இடம் கிடைக்கிறது. அனீல் செய்து, அதாவது சூடாக்கி, மென்மையாக்கிய தோளும், .30-06 போல 17.5 டிகிரிச் சரிவான தோளும் எளிதில் நழுவும். அடிப்பாகத்தில் பெல்ட் போன்ற வளையம் வைத்த கேஸ்களும் விளிம்பு வைத்த கேஸ்களும் தோளை நம்பி நிற்பதில்லை. அவற்றுக்கு இந்தக் கதை பொருந்தாது.

கோலாலம்பூரில் சுடப் பழகும் இளைஞர்கள் பலர் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதில் கேஸே கிடையாது. ஏர் ரைஃபிளில் படிந்த டிரை ஃபயர் பழக்கத்தை யோசிக்காமல் அப்படியே, கேஸின் அடிப்பாகத்து நடுவில் பிரைமர் வைத்த சென்டர்ஃபயருக்கு எடுத்துவரும்போதுதான் இந்தச் சிக்கல்.

அளப்பதற்கு வேண்டியவை

0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் கேலிப்பர் ஒன்று. கேலிப்பரில் மாட்டித் தோளைப் பிடிக்கும் கம்பேரட்டர் ஒன்று; ஹார்னடி கம்பெனி செட்டில் .308-க்கு உரியது டி400 என்று குறித்த வளையம். அது இல்லையென்றால் கவலை வேண்டாம். ஏதாவது ஒரு லேத்துக் கடையில் 15 மி.மீ. உயரத்துக்கு ஒரு எஃகு புஷ் கடைந்து, நடுவே 10 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; துளையின் ஓரத்தில் பிசிறு இருக்கக் கூடாது. 15 மி.மீ. ஏன்? .308-இன் கழுத்தும் தோளின் மேற்பகுதியும் சேர்ந்து 10 மி.மீ.-க்குச் சற்றே குறைவு. புஷ் அதைவிடக் குட்டையானால் கழுத்து வெளியே வந்து கேலிப்பரில் இடிக்கும். துளை 10.16-க்குப் பதில் 10 மி.மீ. என்பதால் உண்மையான எண் கிடைக்காது; பரவாயில்லை, நமக்கு வேண்டியது 'முன்பு' 'பின்பு' வித்தியாசம்தான்.

இவற்றோடு பிரைமரை மட்டும் தள்ளும் தனி டீகேப்பிங் டை (அச்சு), கேஸை மறுஅளவாக்கும் டை, ஸ்டீல் ரூலர், மார்க்கர் பேனா. பிரைமர் தள்ளுவதற்கு மறுஅளவாக்கும் டையைப் பயன்படுத்தாதீர்கள். அது தோளையும் தொட்டுவிடும். அளக்க வந்ததே கெட்டுவிடும்.

சோதனை, படிப்படியாக

1. உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட, ஒரே கம்பெனி, ஒரே எண்ணிக்கை சுட்ட ஐந்து கேஸ்கள் எடுங்கள். ஒரே ஒரு தடவை சுட்டதைவிட இரண்டு மூன்று தடவை சுட்டது நல்லது. அதுதான் சேம்பரின் உண்மையான நீளத்துக்கு அருகில் வந்திருக்கும். உடம்பில் 1 முதல் 5 வரை எழுதுங்கள்.

2. சுட்ட பிரைமரை வெளியே தள்ளி, அடிப்பகுதியைத் துடைத்து, கேலிப்பரில் புஷ்ஷை வைத்துப் பூஜ்யம் செய்து, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளங்கள். ஒவ்வொரு தடவையும் கேஸைக் கால் சுற்று திருப்புங்கள். மூன்று அளவும் ஒரு தௌவுக்கு மேல் விலகினால் கை அழுத்தம் சரியில்லை, அல்லது அடியில் பிசிறு இருக்கிறது.

3. 1, 2, 3 ஆகியவற்றை மறுஅளவாக்கி, தோளை ஒன்றிரண்டு தௌ மட்டும் பின்தள்ளுங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு அளந்து எழுதுங்கள். 4, 5 இரண்டையும் சுட்டபடியே விடுங்கள்.

4. சுட்ட பழைய பிரைமரையே திரும்ப உள்ளே அமுக்குங்கள். உயிருள்ள பிரைமர் இந்தச் சோதனைக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டீல் ரூலரை அடியின் குறுக்கே வைத்துப் பாருங்கள். ரூலர் ஆடினால் பிரைமர் துருத்திக்கொண்டிருக்கிறது. அப்படியே அளந்தால் கேஸ் நீண்டுவிட்டது போலக் காட்டும். இந்த அளவையில் அதிகம் பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

5. சேம்பரை உலர்ந்த துணியால் துடையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பயந்து எல்லோரும் சேம்பரில் எண்ணெய் பூசி வைப்பது வழக்கம். சோதனையின்போது அந்தப் படலம் கேஸை வழுக்க விடும். முடிந்ததும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

6. கேஸை வையுங்கள், போல்டைப் பூட்டுங்கள், ஒரு தடவை அமுக்குங்கள், எடுத்து அளங்கள். பிறகு மொத்தம் 5 அடி, மொத்தம் 20 அடி ஆனதும் அளங்கள். மவுசர் வகை எக்ஸ்ட்ராக்டர் என்றால் கேஸைச் சேம்பருக்குள் போட்டுப் போல்டை அறையாதீர்கள். நகம் விளிம்பின் மேல் ஏறிக் குதிக்கும்படி அது செய்யப்படவில்லை. விளிம்பை நகத்துக்கு அடியில் கையால் செருகிவிட்டு மூடுங்கள்.

7. கடைசி அளவுக்கு முன் பிரைமரைத் தள்ளி எடுத்துவிட்டு அளங்கள். எஜெக்டர் உரசி அடியில் பித்தளை மேடு எழும்பியிருந்தால் அந்த இடத்தை விட்டுத் திருப்பி வையுங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன

4, 5 இரண்டும் பெரும்பாலும் அசையாது, அல்லது மிகக் கொஞ்சமே அசையும். காரணம், அவற்றின் தோள் சேம்பர் தோளில் முழுப் பரப்போடு உட்கார்ந்திருக்கிறது. 1, 2, 3-இல்தான் வித்தியாசம் தெரியும்.

கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். சுட்ட கேஸ் 1.631 இன்ச், மறுஅளவாக்கிய பின் 1.629, இருபது அடிக்குப் பின் 1.626. முதலில் இடைவெளி 2 தௌ, இப்போது 5. போல்ட் ஆக்‌ஷனில் 1 முதல் 2 தௌ, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவில் 3 முதல் 4 தௌ என்பதுதான் ரீலோடிங் செய்பவர்கள் (சுட்ட கேஸில் மறுபடி மருந்து நிரப்புபவர்கள்) வைத்துக்கொள்ளும் வழக்கமான இடைவெளி. நீங்கள் டையை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்திருந்தாலும், ஒரு சாயங்காலப் பயிற்சி அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அந்தக் கேஸில் முழு மருந்து போட்டுச் சுட்டால், அதன் அடி அந்த 5 தௌவையும் நீண்டே கடக்க வேண்டும். நீள்வது எல்லா இடத்திலும் சமமாக அல்ல. அடிக்குச் சற்று மேலே, கெட்டியான பகுதி மெல்லிய சுவராக மாறும் இடத்தில்தான் இழுபடும். வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, கேஸின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அந்தக் கேஸ் முடிந்தது. அடுத்த சுடலில் அது இரண்டாகப் பிரிந்தால், சூடான வாயு போல்ட் பக்கமாக உங்கள் முகத்தை நோக்கி வரும்.

குட்டையான கேஸை மறுஅளவாக்கும் டையில் போட்டு நீளமாக்க முடியாது. டை தள்ளத்தான் தெரிந்தது. மறுபடி ஊதவைக்கும் வித்தைகள் உண்டு. ஆனால் ஒரு கேஸின் விலைக்காக அந்த வம்பை வாங்க வேண்டாம். டிரை ஃபயருக்குப் போன கேஸ் மறுபடி மருந்துப் பக்கம் வரக்கூடாது.

ரைஃபிளையே சந்தேகித்தால்

டிரை ஃபயரால் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளின் ஹெட்ஸ்பேஸ் கெடுவது நம்பத்தகுந்த விஷயம் அல்ல. ஸ்ட்ரைக்கரின் அடியை வாங்குவது போல்டுக்குள் இருக்கும் அதன் சொந்தத் தடுப்பு. போல்டைப் பூட்டும் லக்குகள் (பற்கள்) மேல் சுடும்போது விழும் சுமை இங்கே கிடையாது. இருந்தாலும் பார்த்துவிடுவதில் தப்பில்லை.

போல்டைக் கழற்றி ஸ்ட்ரைக்கர், எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் மூன்றையும் எடுத்துவிடுங்கள். அவை இருந்தால் கேஜ் (குறித்த நீளத்துக்குக் கடைந்த, சேம்பருக்குள் வைத்துப் பார்க்கும் அளவுக்கட்டை) தரும் உணர்வு பொய்யாகும். .308-க்கு கோ கேஜ் 1.630, நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638. கோ கேஜில் போல்ட் இரண்டு விரல் பலத்தில் மூட வேண்டும். நோ-கோவில் கைப்பிடி கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஃபீல்ட் கேஜில் பாருங்கள்; அதிலும் மூடினால் சுடுவதை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கேஜ் கடினமான எஃகு. பலம் போட்டு மூடினால் கெடுவது உங்கள் சேம்பர்.

நோ-கோ கேஜ் இல்லாதவர்கள் கோ கேஜின் அடியில் செல்லோ டேப் ஒட்டிப் பார்க்கலாம். டேப்பின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பத்து அடுக்கு மடித்துக் கேலிப்பரில் அளந்து பத்தால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும்.

.22 விஷயம் வேறு

.22 எல்.ஆரில் பிரைமர் கலவை விளிம்புக்குள் இருக்கிறது. பின் அடிப்பதும் விளிம்பில். காலி சேம்பரில் அடித்தால் சில துப்பாக்கிகளில் பின்னின் நுனி சேம்பரின் ஓரத்திலேயே மோதி, அங்கே ஒரு பள்ளமும் பக்கத்தில் ஒரு பிசிறும் எழும்பும். இங்கே உண்மையிலேயே ஹெட்ஸ்பேஸ் கெடுகிறது, அதுவும் துப்பாக்கிப் பக்கத்தில்! விளிம்புக்கு 43 தௌ இடம் விட்டிருப்பார்கள். பிசிறு அதற்குள் துருத்தினால் தோட்டா முழுதாக உட்காராது, போல்ட் இறுகும், சில சமயம் முதல் அடியில் வெடிக்காது. ரூகர் 10/22 போன்றவற்றில் பின்னுக்குத் தனித் தடுப்பு உண்டு. டிரை ஃபயர் செய்யலாம் என்று கம்பெனியே சொல்கிறது. மற்றவற்றுக்குக் கையேட்டைப் பாருங்கள். சுட்ட .22 கேஸைப் போட்டால், அடிபட்ட இடம் பின்னுக்கு நேரே வராதபடி ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போடுங்கள். அதே பள்ளத்தில் அடித்தால் கேஸ் இருந்தும் இல்லாதது போலத்தான்.

டம்மி செய்வது எப்படி

கடையில் விற்கும் ஸ்பிரிங் வைத்த ஸ்னாப் கேப் சிறந்தது. அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், தோளுக்குப் போகாது. கையால் செய்வதானால் தூக்கிப்போட வேண்டிய பழைய கேஸ் ஒன்றை எடுத்து, பிரைமரைத் தள்ளி, உடம்பில் எதிரெதிரே 3 மி.மீ. துளைகள் போடுங்கள். இனி யாரும் அதில் மருந்து நிரப்ப முடியாது. எடுத்தவுடன் டம்மி என்றும் தெரியும். பிரைமர் குழி 5.3 மி.மீ. விட்டம், 3.3 மி.மீ. அளவுக்கு ஆழம். பென்சில் ரப்பரை அதற்கு வெட்டிச் செருகலாம். சிலிக்கோன் சீலன்ட் நிரப்பி ஒரு நாள் காயவிட்டால் இன்னும் நன்றாக நிற்கும். மேற்பரப்பு அடியோடு சமமாகவோ துளி கீழாகவோ இருக்கட்டும். துருத்தினால் போல்ட் சிரமப்பட்டு மூடும். ரப்பர் நொறுங்கத் தொடங்கியதும் மாற்றுங்கள், இல்லையென்றால் துகள்கள் பின் துளைக்குள் போய் அடைக்கும்.

பயிற்சிக்கு உட்காரும் அறையில் உயிருள்ள தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. சேம்பரையும் மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில் இருக்கிறது என்றால், சுபாங் ரேஞ்சாக இருந்தாலும் வேறு எங்காக இருந்தாலும், ரேஞ்ச் அதிகாரியின் அனுமதியோடு சுடும் வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு கூடுதல் தண்டனைச் சட்டமும் தோட்டா விஷயத்தில் விளையாட்டுக்கு இடம் தருவதில்லை. ரீலோடிங், பிரைமர், மருந்து எதுவானாலும் உங்கள் லைசன்ஸில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்குள்தான். வெற்றுக் கேஸ்களையும் எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே தூக்கிக்கொண்டு கேஎல்ஐஏவுக்கோ பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கோ கிளம்பும் பழக்கம் இருந்தால், கிளம்புவதற்கு முன் எல்லா ஜிப்பையும் திறந்து தலைகீழாக உதறுங்கள். துளை போட்ட டம்மிதான் என்று ஸ்கேனர் அருகே நின்று விளக்குவதற்குள் விமானம் போய்விடும்.